முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

அவரை நான் முதலில் பார்த்தது நிழலாகத்தான். காலையில் நத்தம் ரோட்டில் திண்டுக்கல்லைப் பார்த்து மிதிக்கிறவனுக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். நிழல் முன்னால் நீளமாக ஓடும். எனக்கு அது பழகிப்போன காட்சி. ஒரு சைக்கிள், அதன் மேல் ஒரு தடியன், கைப்பிடியில் ஆடும் தூக்குச்சட்டி. 1959ஆம் வருஷம் ஆடி பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, என் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு தலையும் ஓடுவதைக் கண்டேன்.

திரும்பினேன். என் பின்சக்கரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒருவர் வந்துகொண்டிருந்தார். தலை, மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. நான் பார்த்ததும் குனிந்து அதையும் மறைத்துக்கொண்டார்.

முந்திப் போகப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று இடதுபக்கம் ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார். மெதுவாக மிதித்தேன். அவரும் மெதுவாக மிதித்தார். சங்கிலியைப் பார்ப்பதுபோல இறங்கி நின்றேன். அவர் முப்பது கஜம் தள்ளி இறங்கி, தன் சங்கிலியைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

எதையும் ஏன், எதற்கு என்று நோண்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஏழாம் மைல் கல் ஏன் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சிறுமலையிலிருந்து வாழைத்தார் சுமந்து வரும் குதிரைகள் பாலத்தைக் கண்டதும் ஏன் நின்று யோசிக்கின்றன என்று ரோட்டில் தினமும் ஒரு கேள்வியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய், தோல் ஷாப்பில் உடன் வேலை செய்கிறவர்களின் உயிரை வாங்குவேன். இப்போது ஒரு கேள்வி தானாகச் சைக்கிள் ஏறி என் பின்னால் வந்தது.

எங்கள் ஊர் எட்டாம் மைலில் இருக்கிறது. பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினாலும் மத்தியானம் வரை வெளியே நிற்க வேண்டியதுதான். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆடியில் மட்டும் மேற்கேயிருந்து வருகிற காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளும். மண்ணை வாரி வாயில் போடும். நான் ஆள் அகலமானவன், தொடையும் சுமாராக வலுத்தது. அதனால் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் போகக் கூடாதா என்றால், போனவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்டக்டர் எல்லார் முன்னாலும், "தோல் வாடை அடிக்குது, பின்னாடி போய் நில்லு" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து, எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வத்தலக்குண்டுக்காரர்கள் என்னைப் பற்றி விசாரிக்க அனுப்பிய ஆள் அதே பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தார். "பையன் முன்கோபி" என்று போய்ச் சொன்னார். சம்பந்தம் அதோடு போயிற்று. மறு வாரமே பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன்.

நிழல் விஷயத்தை அக்கா சைதூனிடம் சொன்னேன். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, இதுகூடவா புரியல? நத்தத்துல இருந்து ஆள் விட்டிருக்காக. உன்னை வேவு பாக்குறாக."

"அந்தாளு பாத்தா நம்ம ஆளு மாதிரி தெரியலயேக்கா. கழுத்துல சிலுவைக் கயிறு கிடக்கு."

"நம்ம ஆளுன்னா நீ கண்டுபிடிச்சிருவீல்ல? அதான் வெளியாளா பாத்து விட்டிருக்காக. பீர் முகமது மாமு லேசுப்பட்டவரா?"

நத்தத்தில் பீர் முகமது மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். ஒரு காயை அறுக்காமலே உள்ளே வண்டு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவருடைய மகள் பக்ருன்னிசாவைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைப் பார்த்ததில்லை. சைதூன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நிறம், உயரம், சடை எல்லாம் ஒப்பித்தாள். ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாள்: "அது ஒரு மாதிரி புள்ளடா. 'உங்க தம்பி தினம் பதினாறு மைல் மிதிக்கிறாராமே, வழியில என்னத்தைப் பாத்துக்கிட்டுப் போவாரு?'ன்னு என்கிட்ட கேக்குது."

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை மணிக்குப் போவாய், எவ்வளவு சம்பளம், இதுதான் கேட்பார்கள். அன்றிலிருந்து இந்தப் பெண் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. வெளியே சொல்ல வெட்கம். உள்ளே ஒரே தவிப்பு.

இப்படி விசாரிக்க வந்தவர்களிடம் நாம் போய் விசாரிக்கக் கூடாது. கண்டுபிடித்துவிட்டாலும் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அது எங்கள் பக்கத்து மரியாதை. "யாருய்யா நீ?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாப்பிள்ளை திமிர் பிடித்தவன் என்று நத்தத்துக்குச் சேதி போகும். ஆகவே கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் திண்டுக்கல் தாலுகாவிலேயே உத்தமமான மாப்பிள்ளையாக மாறினேன்.

மூன்றாம் கல்லில் நின்று பீடி பற்றவைப்பதை விட்டேன். உரக்கச் சினிமாப் பாட்டுப் பாடுவதை விட்டேன். புல்லுக்கட்டோடு எதிரே நின்ற ஒருத்திக்கு இறங்கிக் கட்டைத் தூக்கிவிட்டேன். அவள் அதை இறக்கி வைத்து அப்போதுதான் சற்று இளைப்பாற நினைத்திருக்கிறாள். என்னைத் திட்டிக்கொண்டே சுமந்து போனாள். பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனபோது தொண்டை வரை வந்த வார்த்தையை முழுங்கிவிட்டு, "அல்லாஹ் நல்லா வைக்கட்டும்" என்றேன், பின்னால் வருகிறவருக்குக் கேட்கிற மாதிரி. ரோட்டில் பள்ளம் வந்தால் இடதுகையைத் தூக்கிக் காட்டினேன். பொறுப்பானவன் என்று அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

ஆனால் இரண்டு விஷயம் உதைத்துக்கொண்டே இருந்தது. அவர் காலையில் மட்டும்தான் வந்தார். சாயங்காலம் திரும்பும்போது காணோம். நடுவில் இரண்டு நாள் காற்று அடங்கிக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அவர் நூறு கஜத்துக்கு அப்பால், என்னைப் பற்றிய அக்கறையே இல்லாமல் தன்பாட்டுக்கு மிதித்து வந்தார். காற்று திரும்பவும் கிளம்பியதும் வந்து ஒட்டிக்கொண்டார். ஏன்? அக்காவைக் கேட்டேன். "நீ காத்துல கோபப்படுறியான்னு பாக்குறாக" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை நான்காம் கல்லைத் தாண்டியதும் பின்னால் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நிழல் காணாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் புளியமரத்தடியில் அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலி அறுந்து தரையில் கிடந்தது.

நின்றால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். போனால், சங்கடத்தில் இருக்கும் மனிதனை விட்டுப் போனான் என்று ஆகும். எனக்கு ஒரே கணத்தில் புரிந்தது: இது பரீட்சை! சங்கிலியை அவரே கழற்றிவிட்டிருக்கிறார்! மகிழ்ச்சியாகச் சைக்கிளைத் திருப்பினேன்.

கிட்டே போனதும் சந்தேகம் தட்டியது. துண்டை அவிழ்த்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போன முகம். மூச்சை இழுக்கும்போது கழுத்து நரம்பு புடைத்து விசில் மாதிரி சத்தம் வந்தது. அதை நடிக்க முடியாது. தூக்குச்சட்டியில் இருந்த நீராகாரத்தை அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, சங்கிலியின் அறுந்த கண்ணியைக் கல்லால் தட்டிக் கோத்தேன்.

"யாரு நீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"செபஸ்தியான் தம்பி. ஆறாம் கல்லுலருந்து உள்ள போகணும், நம்ம ஊரு. மில்லுல இருக்கேன், பஞ்சு உதறுற பக்கம்." செத்த நேரம் மூச்சு வாங்கினார். "நெஞ்சுல பஞ்சு இறங்கிருச்சு. எதிர்காத்துல சைக்கிள் மிதிக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிதிக்காட்டி சோத்துக்கு எங்க போக? எட்டு மணிக்கு எங்களுக்கும் கேட்டு. ஆடி பொறந்ததும் செத்தோம்டான்னு நெனச்சேன். ஒரு நாள் யதேச்சையா உங்க பின்னாடி வந்தேன். காத்தே இல்ல, தம்பி! நீங்க அம்புட்டையும் வாங்கிக்கிறீக. உங்க முதுகு மறைப்புல நான் சும்மா உருண்டு வந்துட்டேன்."

"அப்ப நத்தத்துலருந்து உங்களை யாரும் அனுப்பலயா?"

"நத்தத்துல எனக்கு யாரு இருக்கா?" என்றார் அவர், கள்ளமில்லாமல். "கேட்டுட்டு வந்திருக்கணும். கேட்டா வேணாம்னு சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன். அதான் மூஞ்சியக் காட்டல."

நியாயப்படி எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, அதுவும் தலைக்கு ஏறியது. மூன்று வாரம் பீடி இல்லாமல், பாட்டு இல்லாமல், வாய் நிறையப் புழுதியை வைத்துக்கொண்டு துஆ செய்தேனே, அத்தனையும் ஒரு பஞ்சு மில்காரருக்கா? இந்த முதுகு என்ன பொதுச்சொத்தா? "இனிமே என் பின்னாடி வராதீக" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அன்றைக்குக் கேட்டும் சாத்திவிட்டார்கள். மத்தியானம் வரை வெளியே நின்று கொதித்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறாம் கல் தாண்டிச் சற்று நேரத்தில் சங்கிலிச் சத்தம் கேட்டது. வெகு தள்ளித்தான் வந்தார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இருபது முப்பது கஜம் விட்டு. அவ்வளவு தள்ளி வந்தால் மறைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எனக்கே தெரிந்தது. இருந்தும் எனக்குள்ளே ஒரு வக்கிரம் கிளம்பியது. எழுந்து நின்று மிதித்தேன். காற்று என்றால் அன்றைக்கு அப்படியொரு காற்று. அரை மைல் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்தேன். திண்டுக்கல் எல்லையில் சோலைமலை டீக்கடையை உரக்கப் பாடிக்கொண்டேதான் கடந்தேன். ஏழு முப்பத்தைந்துக்கெல்லாம் கேட்டில் நின்றேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தது. உள்ளே பீர் முகமது உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, மருதாணி வைத்த தாடி. கையில் சர்பத் டம்ளர். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சைதூன் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள்.

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு இன்னைக்கு மொத பஸ்ஸுல வந்து சோலைமலை கடையில உக்காந்திருந்தேன், தம்பி" என்றார்.

பீடியும் பாட்டுமாக அந்தக் கடையைத்தான் கடந்திருக்கிறேன்.

"எனக்கு உங்களை அடையாளம் தெரியாதுல்ல. யார் யாரோ சைக்கிள்ல போறாக. கடைசியா ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. முடியாத மனுசன். டீ வாங்கிக் குடுத்து, தோல் ஷாப்புக்கு எட்டாம் கல்லுலருந்து ஒரு தம்பி வருமே, தெரியுமான்னு கேட்டேன்." பீர் முகமது டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு சொன்னதை அப்படியே சொல்றேன். 'மூஞ்சி சரியாத் தெரியாதுங்க, முதுகு நல்லாத் தெரியும். மூணு வாரமா எனக்குச் சேர்த்து அவரு காத்தை வாங்கிக்கிட்டாரு. பள்ளம் வந்தா கையத் தூக்கிக் காட்டுவாரு. நேத்து என் சங்கிலி அறுந்துச்சு, எட்டு மணி கேட்டை விட்டுட்டுத் திரும்பி வந்தாரு'ன்னாரு. இன்னைக்கு ஏன் தனியா வாரீகன்னு கேட்டேன். 'நான்தான் வீட்டுலருந்து லேட்டாக் கெளம்பிட்டேன்'னு சொன்னாரு."

கதவுக்குப் பின்னால் அம்மா "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள். அது ஆனந்தம். சைதூன் முகம் மலர்ந்துவிட்டது.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அந்த மனிதருக்கு எவ்வளவு மூச்சு வாங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சும்மா இருந்தால் போதும், பக்ருன்னிசா எனக்குத்தான். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சர்பத் டம்ளரை எடுத்து உள்ளே கொடுத்தாலே போதும். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதனாலேயே தாங்க முடியவில்லை.

"அவரு பொய் சொல்லியிருக்காரு, மாமு."

"என்ன?"

"அவரு லேட்டாக் கெளம்பல. என் பின்னாடிதான் வந்தாரு. நான்தான் வேணுமின்னே விரட்டி மிதிச்சு விட்டுட்டு வந்தேன். பள்ளத்துக்குக் கை காட்டுனதும் அவருக்காக இல்ல. நீங்க அனுப்புன ஆளுன்னு நெனச்சுக் காட்டினேன். நேத்து திரும்பிப் போனதும் அதுக்காகத்தான். ஆள் நீங்க அனுப்பலன்னு தெரிஞ்சதும் இன்னைக்கு விட்டுட்டேன்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. சைதூன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. பீர் முகமது தாடியை ஒருமுறை நீவினார். பிறகு எழுந்து, "மக்ரிபுத் தொழுகைக்கு நேரமாச்சு. யோசிச்சுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். மீதி சர்பத்தைக் குடிக்காமலே போய்விட்டார். அந்த மீதிச் சர்பத் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று அம்மா அழுதாள்.

வெள்ளி எங்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை ஆறு மணிக்கே கிளம்பி, ஆறாம் கல்லில் போய் நின்றேன். ஆறரைக்கு வண்டிப்பாதையிலிருந்து செபஸ்தியான் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முப்பது கஜத்துக்கு அப்பாலேயே இறங்கி நின்றுவிட்டார். அவர் பயந்து நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன்ணே அங்கனயே நிக்கிறீக? வாங்க."

"வேணாம் தம்பி. நீங்க முன்னாடி போங்க. நான் பைய வாரேன்."

"வியாழக்கிழமை கேட்டு என்னாச்சு?"

"சாத்திட்டாக" என்றார். "பரவால்ல. ஒரு நாள்தானே."

"ஏன் எனக்காகப் பொய் சொன்னீக?"

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் முந்திக்கொண்டது. "அந்தப் பெரியவரு கேட்ட தினுசுலயே பொண்ணு விசயமுன்னு தெரிஞ்சுது. நானும் ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன் தம்பி. மூணு வாரத்தை ஒரு நாளுக்காக அழிக்க முடியுமா?"

ஏறி உட்கார்ந்து, அவர் ஏறுகிற வரை காலை ஊன்றி நின்றேன். "ஒட்டி வாங்கண்ணே. நாலு முழம் தள்ளிப்போனா காத்து நடுவுல பூந்துரும்" என்றேன். காற்று எந்தப் பக்கமிருந்து சாய்ந்து அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்கி வர வேண்டும் என்று போகப் போக நாங்களே கண்டுபிடித்தோம். சிறுமலைப் பக்கமிருந்து அடித்தால் வலது தோளை ஒட்டி, நேர் எதிரே அடித்தால் முதுகை ஒட்டி. அவர் மூச்சு வாங்குவது கேட்டால் நான் பைய மிதிப்பேன். இரண்டு பேருமே எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். பீடியை மட்டும் விட முடியவில்லை; சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

நத்தத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பும்போது வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். கிடக்காது. அம்மா வேறு இடம் பார்க்கத் தரகரை வரச் சொன்னாள். வேறு இடம் என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வந்தது. அந்தப் பெண்ணைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இவ்வளவு துக்கப்பட முடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் சைதூன் நத்தத்துக்குப் போய்விட்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே போனாள். வந்ததும் செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் என்னை வதைத்தாள்.

"நாள் குறிச்சாச்சு. வார மாசம் பிறை ஏழு."

"என்னத்துக்கு?"

"உன் நிச்சயத்துக்குத்தாண்டா, கிறுக்கா."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மாமு சம்மதிச்சுட்டாரா? எப்படிக்கா?"

"அவரு எங்க சம்மதிச்சாரு? ஒன்பது நாளும் வீட்டுல ஆடித் தீத்திருக்காரு. மூச்சுவிட முடியாத மனுசனை நடுரோட்டுல விட்டுட்டு வந்தவனுக்கா என் மகளைக் குடுப்பேன்னு. இன்னைக்கு நான் போனப்பவும் அதேதான். அந்தப் புள்ள பக்ருன்னிசா அரிசி பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுவரைக்கும் வாயே திறக்கல. சொளகைக் கீழ வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. மாமு அப்படியே அடங்கிட்டாரு."

"என்ன கேட்டுச்சு?"

"'விட்டுட்டு வந்தாரு, விட்டுட்டு வந்தாருங்கிறீங்களே அத்தா, அதை உங்ககிட்ட யார் சொன்னா?'"